பதில் சொல்லாத வீடுகள்

அண்ணி பொருளாதாரத் துறையின் பேராசிரியர். நாத்தனார் அதே துறையில் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தால் துறை சமையலறையாகிவிடும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அப்படி எதுவும் ஆகவில்லை. துறைக்குள் அண்ணியை அவள் மேடம் என்றுதான் கூப்பிட்டாள்.

அண்ணியின் பெயரை நாலு பேருக்குத் தெரியவைத்தது ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரை. தாய் வேலைக்குப் போகும் வீடுகளில் மகள்கள் பல ஆண்டுகள் கூடுதலாகப் படிக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்து நிறுவியிருந்தார். பாடப்புத்தகத்திலேயே அது வந்துவிட்டது.

மாணவர்களுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று அந்தப் பழைய தரவுகளையே கணினி வகுப்பில் கொடுத்து, அதே முடிவு வருகிறதா பார்க்கச் சொன்னாள் நாத்தனார். ஒரு மாணவிக்கு மட்டும் வேறு விடை வந்தது. மகளின் படிப்பைப் பற்றிப் பதிலே சொல்லாத வீடுகளை அவள் கணக்கிலிருந்து நீக்கியிருந்தாள். மூலக் கட்டுரையில் அந்த வீடுகளுக்கெல்லாம் பூஜ்யம் போட்டிருந்தது. பள்ளி வாசலையே மிதிக்காத பெண்கள் என்று அர்த்தம். அவற்றில் பெரும்பாலானவை தாய் வேலைக்குப் போகாத வீடுகள். அவற்றை எடுத்துவிட்டால் வித்தியாசம் பாதிக்கும் கீழே இறங்கியது.

நாத்தனார் தானே மறுபடி கணக்கிட்டுப் பார்த்தாள். மாணவி சொன்னதுதான் சரி. மறுநாள் மதியம் அண்ணியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அண்ணி கணினியில் பழைய கோப்பைத் திறந்து வரிசை வரிசையாகச் சரிபார்த்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"வகுப்பு முழுக்கத் தெரியும் மேடம்."

"வீட்ல?"

"சொல்லல அண்ணி."

அண்ணி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துனது உங்கண்ணன். கல்யாணமான புதுசு. நான் ஊர் ஊரா அலைஞ்சிட்டிருந்தேன், நான் பண்றேன்னு உக்காந்தாரு. காலியா இருந்த கட்டத்துல எல்லாம் பூஜ்யம் போட்டிருக்காரு. நானும் சரிபாக்கல."

அப்படியென்றால் இதழுக்கு அனுப்பும் திருத்தத்தில் அண்ணன் ஏற்றியதையும் குறிப்பிடலாமே என்று அவள் தயங்கியபடி கேட்டாள்.

"கட்டுரை என் பேர்லதான வந்துச்சு? தப்பும் என் பேர்லயே போகட்டும்."

அந்த வாரமே அண்ணி ஆய்விதழுக்குத் திருத்தம் அனுப்பினார். சரிபார்க்கத் தவறியது தன் பிழை என்றும், கண்டுபிடித்தது ஒரு மாணவி என்றும் எழுதினார். துறைத் தலைவர் கூப்பிட்டு, இவ்வளவு அவசரம் தேவைதானா என்று கேட்டார். அடுத்த கூட்டத்தில் அண்ணியிடமிருந்த ஆராய்ச்சிக் குழுத் தலைமை வேறொருவருக்குப் போனது.

திருத்தம் அச்சில் வந்த அன்று அண்ணன் சாப்பாட்டு மேசையில் அதைக் கேள்விப்பட்டான். அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அந்த நம்பரெல்லாம் ஏத்துனவன் கண்ண மூடிக்கிட்டா ஏத்துனான்? எந்த மடையன் அது?"

நாத்தனார் தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பழைய ஆளு. இப்ப அந்த வேலையில இல்ல," என்றார் அண்ணி.

பாடப்புத்தகத்தின் அடுத்த பதிப்பிலும் பழைய எண்ணே இருந்தது. பதிப்பகத்துக்கு எழுதியும் பயனில்லை. அண்ணி அதற்காகக் காத்திருக்கவில்லை. பதில் சொல்லாத வீடுகள் ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்க, விடுமுறையில் அந்த மாணவியையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார். முதல் வீட்டில் கதவைத் திறந்த பெண், இப்போதும் அதற்குப் பதில் சொல்ல முடியாது என்றாள். ஆனால் உள்ளே வந்து உட்காரச் சொன்னாள்.