பொன்துகள் படிந்த கண்ணாடி

பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஜசிந்தா மாமி ஒப்பாரியை எடுத்தாள்.

"கண்ணில்லாச் சனத்துக்குக் கண் செய்யிற பிள்ளையைப் பெத்தியே, என்ர அண்ணை! கண் வாறதுக்குள்ள கண்ணை மூடிட்டியே!"

சுற்றியிருந்த பெண்கள் அழுதபடியே நிமலினியைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் அழுகையைவிடப் பெருமைதான் கூட. சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம் என்பதால் அவள் கொழும்பிலிருந்து விடியவே வந்துசேர்ந்திருந்தாள். தகப்பனின் காலடியில் இருந்தவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

கண்ணுமில்லை, மண்ணுமில்லை. ஆய்வுகூடத்தில் அவள் செய்வது விரலகலக் கண்ணாடித் துண்டுகள். கண்ணுக்கே தெரியாத பொன்துகள்கள் கரைசலில் மிதந்து, ஒருவரும் அடுக்காமல் தாமாகவே அதில் வரிசையாக, செந்நிறப் படலமாகப் படியும். வெளிச்சம் பட்டால் அதில் ஓடும் மின்சாரம் இம்மியளவு மாறும். ஒளியை உணரும் கருவிக்கு அது உதவும், என்றைக்காவது சரிவந்தால். போன வருடம் தொலைபேசியில் இதைத் தகப்பன் குருசுமுத்துவுக்குச் சொல்லிப் பார்த்தாள்.

"வெளிச்சத்தைக் காணுமெண்டா அது கண்தானே, பிள்ளை?"

தொலைபேசிக்காக அவளுக்குப் பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். விளங்கப்படுத்தப் பஞ்சியாக, அலுப்பாக இருந்தது. அவர் குரலில் இருந்த பூரிப்பு பிடித்தும் இருந்தது.

"ஓம் அப்பா, ஒரு மாதிரிக் கண்தான்" என்றாள். போதாக்குறைக்கு ஒரு துண்டையும் ஊருக்கு அனுப்பிவைத்தாள்.

அல்போன்சம்மா குசினியிலிருந்து ஒரு லேஞ்சித் துணி முடிச்சோடு வந்து மகளுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"வைகாசியில கோயிலடிக்குக் கண் டொக்டர்மார் வந்தவை, பிள்ளை. கண்ணில படர்ந்த வெள்ளையை எடுத்துவிடுறம் எண்டு பேரும் பதிஞ்சவை. கொப்பர் ஏலாதெண்டிட்டார். 'என்ர பிள்ளை கண் செய்யிறாள், எனக்கென்னத்துக்குக் கத்தி' எண்டவர். காலமையில நீ அனுப்பின கண்ணாடியை வெயிலுக்குப் பிடிச்சு, தெரியுது தெரியுது எண்டுவார்."

நிமலினி நிமிர்ந்தாள். இதை அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. இறங்குதுறைப் படியில் விழுந்துவிட்டார் என்று மட்டும்தான் சொன்னார்கள். பட்டப்பகலில், அவர் பிறந்ததிலிருந்து ஏறி இறங்கிய படியில்.

தாய் குரலைத் தாழ்த்தினாள். "இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தா உன்ர கண்ணால பாத்திருப்பார், என்ன?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். தாயின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

"ஓம் அம்மா."

அல்போன்சம்மா முடிச்சை அவிழ்த்தாள். செபமாலை சுற்றிய கைகளுக்கு மேலே, வெள்ளைச் சேட்டின் நெஞ்சில் அந்தக் கண்ணாடியை வைத்தாள். முற்றத்து வெயில் அதனூடாக விழுந்து, சேட்டில் சின்னதாய்ச் சிவந்தது. பெட்டி மூடியைத் தூக்கி வருகிறவர்களுக்கு வழிவிட்டு நிமலினி எழுந்து நின்றாள். அப்போதும் அந்தச் சிவப்பு அங்கேதான் இருந்தது.