சீதேவியின் கையில் குத்திய பேர்

1935ஆம் ஆண்டு தை மாதம், பெரியகல்லாற்றுச் சீதேவியின் இடது கையில் பச்சை குத்தியிருந்த புருசனின் பேரிலிருந்து முதல் எழுத்து எழும்பிப் போய், வேலிக்கு அப்பால் குடியிருந்த தங்கை அன்னப்பூரணியின் கையில் ஒட்டிக்கொண்டது. அந்தப் போகம் வெள்ளாமை தண்ணீர் இல்லாமல் காய்ந்து, ஊர் நெல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால், இதை யாரும் விசாரிக்கவில்லை.

பச்சை குத்துவதென்று சீதேவி முடிவெடுத்தது அதற்கு முந்திய ஆவணியில். அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது; மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். வினாயகமூர்த்தி ஒரு தகரப் பெட்டியோடும் தலையணையோடும் குருக்கள்மடத்திலிருந்து வந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் குருக்கள்மடத்தார்தான். சொந்தப் பேர் வேலிக்கு இரண்டு பக்கமும் இருந்த அக்காவுக்கும் தங்கைக்கும் தவிர வேறு யாருக்கும் தேவைப்படவில்லை. கலியாணமாகி ஐந்து வருடம் பிள்ளை இல்லை. வெள்ளாமைக் காலத்தில் அவர் வயல் வட்டையில் காவலுக்கென்று போய் வாரக்கணக்கில் தங்கினார், திரும்பி வந்தாலும் வேலியோரமாகவே நின்றார். புருசனின் பேரைக் கையில் குத்திக்கொண்டவளை அவன் விட்டுப் போகமாட்டான் என்று மீன் விற்கும் பெண்கள் சொன்னதைச் சீதேவி நம்பினாள்.

ஆனாலும் உடனே பேருக்குப் போய்விடவில்லை. முதலில் தேளை நினைத்தாள், பிறகு புள்ளிக்கோலத்தை, பிறகு இரட்டை மீனை. குத்துகிறவர்களையும் அப்படியே அலசினாள். குருக்கள்மடத்தில் ஒருத்தி குத்திய மயில் ஆறு மாதத்தில் நீர்க்காகம் ஆகியிருந்தது. புளியந்தீவில் தோணித்துறையில் இருந்தவனுக்கு நங்கூரம் மட்டுமே குத்தத் தெரியும். அம்மன் கேட்டவளுக்கும் நங்கூரமே குத்தி அனுப்பியிருந்தான். கடைசியில் வாவிக்கரை மருதமரத்தடியில் கூடாரம் போட்டிருந்த குறத்தி நரசம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டாள். அவள் ஒருத்திக்குத் தேள் குத்திய பிறகு அந்த வீட்டுக் கூரையிலிருந்த தேள்களெல்லாம் வரிசையாக இறங்கி வெளியேறின என்றார்கள். போய்ப் பார்த்ததில் அது உண்மையாக இருந்தது.

நரசம்மா விளக்குக்கரியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் குழைத்தாள், மூன்று ஊசிகளை நூலால் கட்டினாள். “எனக்கு எழுத்துத் தெரியாது. வாயால சொன்னா ஊசிக்குத் தெரியும். பேரச் சொல்லு” என்றாள். சீதேவி வாயை மூடிக்கொண்டாள். புருசனின் பேரைப் பெண்சாதி சொன்னால் அவன் ஆயுள் குறையும். துணைக்கு வந்திருந்த அன்னப்பூரணியைப் பார்த்து, அந்தப் பக்கத்துப் பெண்கள் ஒருவரையொருவர் அழைக்கும் ‘கா’ போட்டு, “நீ சொல்லு கா” என்றாள். அன்னப்பூரணி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். எட்டு எழுத்து, எங்கேயும் தடங்கவில்லை. நரசம்மா இடையில் ஊசியை நிறுத்தி, “அக்காட புருசன்ட பேர் உனக்கு நல்லா வருது புள்ள” என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். இரத்தம் சீதேவியின் கையில்தான் வந்தது.

முதல் எழுத்து போனபோது, மணல் போட்டுத் தேய்த்துக் குளித்ததால் அழிந்ததென்று சீதேவி நினைத்தாள். அடுத்த மாரிக்குள் இன்னும் இரண்டு எழுத்து போயிற்று. அன்னப்பூரணி முழங்கை வரை வளையல் அடுக்கத் தொடங்கினாள். ஐந்தாவது எழுத்து போன அன்று கிணற்றடியில் சீதேவி தங்கையின் கையைப் பிடித்து வளையல்களை மேலே தள்ளினாள்.

“இது என்ன கா?”

“நான் கேக்கல்ல அக்கா. அதுவா வந்திச்சு.”

“எழுத்து மட்டுமா வந்திச்சு?”

அன்னப்பூரணி வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். அது தண்ணீரைத் தொட அதிக நேரம் எடுத்தது.

சீதேவி மருதமரத்தடிக்குப் போனாள். நரசம்மா ஊசியைத் துடைத்தபடி, “குத்தினது சரியாத்தான் குத்தினன். பச்சை சொன்ன வாயோட போகும். நீ ஒருக்காச் சொல்லு, எல்லாம் திரும்பி வரும், ஆளும் வருவான்” என்றாள். சீதேவி வாவிக்கரையில் ஒரு பகல் முழுக்க நின்றாள். இரண்டு தரம் வாயைத் திறந்தாள். அவர் செத்துப்போவதை நினைத்து இரண்டு தரமும் மூடிக்கொண்டாள். 1937இல் எட்டாவது எழுத்தும் போனது. அன்று மத்தியானம் வினாயகமூர்த்தி அதே தகரப் பெட்டியோடும் தலையணையோடும் வேலியைக் கடந்தார். “கோவிக்காத” என்று மட்டும் சொன்னார். சீதேவி அந்த வேலிக்குப் புதுக் கிடுகு கட்டினாள், ஐந்து வருடம் தங்கையோடு பேசவில்லை.

அன்னப்பூரணி பெண்சாதியானதால் அவளும் அந்தப் பேரைச் சொல்வதை நிறுத்தினாள். சொல்வாரில்லாமல் பச்சை மங்கியது. 1942இல், யுத்தக் காலத்து அரிசிக் கூப்பன் எழுத அரசாங்கக் கிளாக்கர் வந்தபோது அவள் கை வெறுங்கையாக இருந்தது. வினாயகமூர்த்தி திருகோணமலைத் துறைமுக வேலைக்குப் போய் மூன்று மாதம். குடும்பத் தலைவரின் பேர் இல்லாமல் கூப்பன் இல்லை என்றார் கிளாக்கர். சுற்றி நின்றவர்கள் குருக்கள்மடத்தார் என்றார்கள். “அது ஊர். நான் பேரைக் கேக்கிறன்.” அன்னப்பூரணி வேலியடிக்கு வந்து நின்றாள். இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை. பேச்சு இன்னும் வரவில்லை.

“அக்கா, ஒருக்கா வந்து சொல்லு கா. ரெண்டு நாளா உலை வைக்கல்ல.”

சீதேவி பிள்ளையைப் பார்த்தாள். அதற்கு அவருடைய நெற்றி. உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம். ஊரும் அதைத்தான் எதிர்பார்த்தது. அவள் வேலிப் படலையைத் திறந்து வந்து கிளாக்கரின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

“நீங்க அவருக்கு என்ன முறை?”

“நான் ஒண்டுமில்ல. அதாலதான் சொல்லலாம்” என்றாள். பிறகு எட்டு எழுத்தையும் சொன்னாள். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் பழைய இடத்தில் குத்தி எழும்பியது. கிளாக்கர் எழுதி முடித்து, மேசையில் விழுந்த இரத்தத்தை மையொற்றும் தாளால் துடைத்தார், அடுத்த வீட்டைக் கூப்பிட்டார்.

பேர் வந்தது, ஆள் வரவில்லை. அதைக் கேட்க நரசம்மாவின் கூடாரமும் அப்போது அங்கே இல்லை. யுத்தம் முடிந்து வினாயகமூர்த்தி திரும்பி வாவியில் தோணி விட்டார். கறிக்கு நேரமானால் அன்னப்பூரணி வேலியடிக்கு வருவாள்: “அக்கா, கூப்பிட்டு விடு கா.” சீதேவி கரைக்குப் போய் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள். தோணி திரும்பும். அவர் மீனோடு இறங்கி, அவளைக் கடந்து, அன்னப்பூரணியின் வளவுக்குள் போவார். பெரியகல்லாற்றில் இதை ஒருவரும் அதிசயமாகச் சொல்வதில்லை. அந்தக் குரல் கேட்டால் மீன் வந்துவிட்டதென்று அக்கம்பக்கத்தார் சட்டியை அடுப்பில் வைப்பார்கள்.