நீலக்கல்லுக்குள் இருந்தவன்

காணாமல்போன தன் கணவன் ஒரு நீலக்கல்லுக்குள் உட்கார்ந்திருப்பதை, கல் சோதிப்பவள் ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன் கண்டுபிடித்தாள். நுண்ணோக்கியில் வழக்கம்போல முதலில் காற்றுக்குமிழியைத் தேடினாள். குமிழி இருந்தால் போலி. இல்லை. பட்டு இழை போல மெல்லிய ஊசிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. மண்ணுக்குள் விளைந்த அசல் கல்தான். அந்த ஊசிகளுக்கு நடுவே, அறுந்த செருப்பைத் தைத்துக்கொண்டு வருகிறேன் என்று பல வருடங்களுக்கு முன் படியிறங்கிப் போன மனுஷன், நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்தான். தொப்பைகூட விழுந்திருந்தது. அவள் வெளிச்சத்தைக் கூட்டியதும் நிமிர்ந்து பார்த்தான். யாரென்று தெரிந்ததும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். முதுகுதான்.

இத்தனை வருடமும் அவன் அம்மாவுக்குச் சோறு போட்டு, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, அக்கம்பக்கத்து விசாரிப்புகளுக்கெல்லாம் பதில் சொல்லி நாக்குத் தேய்ந்தவள் அவள். வயிறு எரிந்தது. இருந்தாலும் பெற்றவள் ஆயிற்றே என்று மறுநாள் மாமியாரை ஆட்டோவில் அழைத்துவந்து காட்டினாள். அம்மாவுக்கு அவன் கையாட்டினான்.

“எளைச்சுப் போயிட்டானே!” என்று கிழவி அழுதாள். “உள்ள காத்தாவது வருமா? சின்னதுலேருந்தே சூடு தாங்கமாட்டான்ம்மா என் புள்ள.”

மருமகள் கண்ணை வைத்தாள். முதுகு.

அந்த வாரமே கல்லின் சொந்தக்கார வியாபாரி வந்தார். உலையில் வைத்தால் ஊசிகள் கரைந்து நீலம் தெளியும். உள்ளே வெடிப்பு இருந்தாலோ கல் சிதறிவிடும். வைக்கலாமா கூடாதா என்று சொல்வது அவள் வேலை. வியாபாரியும் உள்ளே இருந்த ஆளைப் பார்த்தார். இதைவிட மோசமான கறையெல்லாம் பார்த்தாயிற்று என்றார்.

“சூடு தாங்குமா மேடம்?”

அவள் இன்னொரு முறை குனிந்தாள். வெட்கத்தை விட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை.

“தாங்கும்” என்றாள்.

உலையிலிருந்து வந்த கல் படுசுத்தம். நாற்காலிகூட இல்லை. சூடேற்றப்பட்டது, உள்ளே எதுவுமில்லை என்று சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். யாரோ அதை மோதிரமாகப் போட்டுக்கொண்டார்கள்.

அதன் பிறகு மாமியாருக்குப் பார்வை அடியோடு போய்விட்டது. மருமகள் வேலைவிட்டு வரும் சத்தம் கேட்டாலே, “இன்னைக்கு என்ன பண்ணிட்டிருந்தான்?” என்று கேட்பாள்.

“நல்லாத்தான் இருக்கார் அத்தை” என்பாள் இவள், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே. “இன்னைக்கு என்னைத் திரும்பிப் பார்த்தார்.”