விட்டுப்போன ஒரு வகுத்தல்

ரிஃபாஅத் உஸ்தாத் வீட்டு மின்சார மீட்டரை மாற்றிவிட்டுப் போனார்கள். அலெக்ஸாண்டிரியாவில் அன்றைக்கு நூறு வீட்டிலாவது மாற்றியிருப்பார்கள். ஆனால் மீட்டரின் எண்ணை நின்று படித்தவர் இவர் ஒருவர்தான்: 25009997. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு வேறென்ன வேலை? ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாத பகா எண்ணாக இருக்குமோ என்று பதினொரு நாள் உட்கார்ந்து வகுத்தார். ஐயாயிரம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதுமாம். எதில் வகுத்தாலும் மீதி விழுந்தது.

பன்னிரண்டாம் நாள் என் பால்கனிக்கு நேர் கீழே, காப்பிக்கடையில், பகா எண்தான் என்று அறிவித்தார். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். துணி காய்ந்த பிறகும் உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"மீட்டர் நம்பருக்கா இவ்வளவு பெருமை, உஸ்தாத்?" என்றார் மருந்துக்கடை வக்தி.

எங்கள் தெரு ஆண்கள் மீன் விலைக்குக்கூடத் தலாக் மேல் சத்தியம் செய்வார்கள். இவர் மட்டும் அதுவரை செய்ததில்லை.

"இது பகா எண் இல்லேன்னா என் பொண்டாட்டி எனக்குத் தலாக்."

வக்தி போனைத் தட்டினார். 4999ஐ 5003ஆல் பெருக்கினால் மீட்டர் எண் வந்து நின்றது. உஸ்தாத் நோட்டைப் பிரித்தார். பட்டியலில் மொத்தம் 669 எண்கள். பக்கத்தின் அடியில் 4993. பின்பக்கத்தில் தனியாக 4999. வகுத்தபோது அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

அவர் படியேறுவதற்குள் அவர் மனைவி இன்ஷிராஹிடம் சேதி போய்விட்டது. யார் மூலம் என்பது இப்போது எதற்கு? பள்ளிவாசல் ஷேக் தீர்ப்பு சொல்லும்வரை அந்நிய ஆம்பளைக்குச் சமைக்க முடியாது என்று கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று நாள் தள்ளுவண்டியில் விற்கிற வேகவைத்த அவரைக்கொட்டைதான் உஸ்தாதுக்கு மூன்று வேளையும்.

நான்காம் நாள் பள்ளிவாசலுக்குப் போனார்கள். இன்ஷிராஹுக்குத் துணையாக நானும் போனேன். விசாரித்த ஷேக் அப்துல் தவ்வாப், உண்மை என்று நம்பிச் சத்தியம் செய்திருந்தால் தலாக் விழாது என்றார்.

"நம்பினீங்களா, உஸ்தாத்?"

முப்பது வருஷமாக இந்த மனிதர் தெருவில் ஒருவரையும் எதையும் நம்பவிட்டதில்லை. என் முழங்கால் வலித்தால் மழை வரும் என்பதற்குக்கூட நிரூபணம் கேட்டவர்.

"நம்பறது வேற ஆளுங்க வேலை. நான் நிரூபிச்சேன்."

"நிரூபிச்சீங்களா? அப்போ 4999 எங்கே போச்சு?" என்றாள் இன்ஷிராஹ். "நம்பினேன்னு சொல்லுங்க. இல்லேன்னா அஞ்சு மணி பஸ்ஸுக்கு நான் தன்தா ஊர்ல இருக்கற அக்கா வீட்டுக்குக் கெளம்பறேன்."

உஸ்தாத் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலரை.

"நம்பினேன்."

இன்ஷிராஹ் என் பக்கம் திரும்பினாள். "உனக்குக் கேட்டுச்சா?"

"இல்லையேடி," என்றேன்.

இரண்டாம் முறை சொன்னது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது.