தெப்பெய் சொன்ன முப்பது

எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கசாமா யூகினோ எண்ணிவிட்டாள். நாற்பத்தெட்டுப் பேர். வெளியூர்ப் பள்ளிகளிலிருந்து வந்த ஆசிரியர்கள், ஆளுக்கொரு அட்டையும் பேனாவுமாக, காலில் விருந்தாளிச் செருப்போடு, வகுப்பின் பின்சுவரையும் சன்னல் ஓரத்தையும் அடைத்துக்கொண்டு நின்றார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். மதியச் சாப்பாடு முடிந்ததும் பள்ளியின் மற்ற பிள்ளைகளையெல்லாம் வீட்டுக்கு அனுப்பியாயிற்று. இவளுடைய ஐந்தாம் வகுப்பு முப்பத்திரண்டு பேர் மட்டும் மாட்டிக்கொண்டார்கள்.

ஆய்வு வகுப்பு என்று இதற்குப் பெயர். நாற்பத்தைந்தே நிமிடப் பாடம். அதற்கு மூன்று மாதம் உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தார்கள். எந்தக் கேள்வி, எந்தப் பிள்ளையிடமிருந்து எந்தப் பதில் வரும், கரும்பலகையில் எது எங்கே என்று ஒன்று விடாமல் தாளில் அச்சடித்து வந்தவர்கள் கையிலெல்லாம் கொடுத்தும் விட்டார்கள். கல்யாண வீட்டில்கூட இவ்வளவு ஏற்பாடு இருக்காது. இன்று இது நன்றாக அமைந்தால், பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த பள்ளிக்கு யூகினோவின் பெயர் போகும். எட்டு வருஷமாக அவள் ஏங்கிக் கிடப்பது அந்த இடத்துக்குத்தான். அனுப்ப வேண்டியவர் அந்தப் பேராசிரியர்.

பலகையில் ஓர் இணைகரம் ஒட்டியிருந்தது. அடிப்பக்கம் ஆறு, சாய்ந்த பக்கம் ஐந்து, உயரம் நான்கு. பரப்பு எவ்வளவு? பாடமே அந்தக் கேள்விதான். யாராவது ஒரு பிள்ளை ஆறையும் ஐந்தையும் பெருக்கி முப்பது என்று தவறாகச் சொல்ல வேண்டும். அதிலிருந்து வாக்குவாதம் கிளம்ப வேண்டும்.

பிள்ளைகள் நோட்டில் போட்டுப் பார்க்கும் பத்து நிமிடமும் யூகினோ பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து, யார் என்ன எழுதுகிறார்கள் என்று இருக்கைப் படத்தில் குறித்துக்கொண்டு வந்தாள். யாரை முதலில் பேசவிடுவது, யாரைக் கடைசியில் என்று அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சன்னலோரம் தெப்பெயிடம் வந்ததும் கால் நின்றுவிட்டது.

கணக்கு என்றாலே தெப்பெயின் நோட்டு வெள்ளையாகத்தான் இருக்கும். இன்று படம் இருந்தது. இணைகரத்தை நட்ட நடுவில் நேராக வெட்டி, இடது துண்டைத் தூக்கி வலது பக்கம் ஒட்டியிருந்தான். அருமையான செவ்வகம். கீழே, 24. திட்டம் போடும்போது, "நடுவுல வெட்டறதா? இது எந்தப் பிள்ளைக்கும் தோணாது, எடுத்துடும்மா" என்று முரோயி தள்ளிவிட்ட வழி அது. முரோயி பக்கத்து வகுப்பு ஆசிரியர், பள்ளியில் மூத்தவர், திட்டத்தில் பாதி அவருடைய கை. அடேயப்பா, என்று யூகினோவுக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. இருக்கைப் படத்தில் அவன் பெயருக்கு இரட்டை வட்டம் போட்டாள். இவனைக் கடைசியில் கூப்பிட வேண்டும்.

"சரி, யார் சொல்றீங்க?"

முதலில் எழுந்தது தெப்பெயின் கைதான். இந்த வருஷத்தில் அவன் கை தூக்கி அவள் பார்த்ததே இல்லை. சந்தோஷத்தில் வரிசையை மறந்து கூப்பிட்டுவிட்டாள்.

"முப்பது," என்றான் தெப்பெய். "ஆறையும் அஞ்சையும் பெருக்கினேன்."

பழக்கத்தில் அவள் கை பலகையில் முப்பது என்று எழுதியது. எழுதி முடிப்பதற்குள் வகுப்பு முழுக்க இரண்டு விரல்கள் எழும்பின. இந்த வகுப்பில் கை தூக்கும்போது முஷ்டி என்றால் சந்தேகம், விரித்த கை என்றால் புதுக் கருத்து, இரண்டு விரல் என்றால் முன்னவர் சொன்னதோடு சேர்த்துச் சொல்கிறேன் என்று அர்த்தம். வழக்கமாக நாலைந்து பேர் தூக்குவார்கள். இன்று இருபது பேர், ஒரே நேரத்தில்.

வகுப்புத் தலைவி வகானா எழுந்தாள். "தெப்பெய் சொன்னதை நான் வேற மாதிரி யோசிச்சேன். டீச்சர், அட்டைச் சட்டத்தை அழுத்திப் பாத்தா தெரியும். பக்கம் மாறாது, ஆனா பரப்பு குறைஞ்சுகிட்டே போகும்."

அட்டைப் பட்டைகளை ஊக்கில் மாட்டிச் செய்த அந்தச் சட்டம் இன்னும் மேசை இழுப்பறையில் இருந்தது. இருபதாவது நிமிடத்தில் வெளியே எடுப்பதாகத் திட்டம். இந்தப் பிள்ளைகள் யாரும் அதைப் பார்த்ததே இல்லை.

பின்சுவரைப் பார்த்தாள். முரோயி நின்றுகொண்டிருந்தார். வகானா பேசப் பேச அவர் உதடும் கூடவே அசைந்தது. யூகினோ தன்னைப் பார்ப்பதைக் கண்டு, கவலைப்படாதே என்பதுபோல் மெல்லத் தலையசைத்தார்.

நாலாவது பீரியட்! சாப்பாட்டுக்கு முந்தின அந்த நேரத்தில்தான், பேராசிரியருக்குத் தேநீர் கொடுத்து வரவேற்க வா என்று துணைத் தலைமையாசிரியர் ஒகிதா அவளைக் கூப்பிட்டுப் போனார். "போய்ட்டு வாம்மா, உன் பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன்" என்றார் முரோயி. நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் மனுஷர்! பாடம் முழுவதையும் ஒரு தடவை ஓட்டி, யார் எதைச் சொல்வது என்று பங்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்.

இன்னொரு பிள்ளை பலகைக்கு வந்து மூலையில் முக்கோணம் வெட்டும் வழியை வரைந்து சொன்னது, கமா கூடப் பிசகாமல். நாற்பத்தெட்டுப் பேனாக்கள் ஓடின. ஒகிதாவின் முகம் மலர்ந்திருந்தது. பேராசிரியர் முன்னால் சாய்ந்து கேட்டார். வாயை மூடிக்கொண்டு இன்னும் இருபத்தைந்து நிமிடம் நின்றால் போதும், அந்தப் பள்ளி கைக்கு வந்துவிடும். நானா ஒத்திகை பார்க்கச் சொன்னேன்? எனக்குத் தெரியாமல் நடந்ததற்கு நானா பொறுப்பு? அவள் மனம் வேகவேகமாக வழக்காடியது. கை அடுத்த தாளை எடுத்து ஒட்டவும் போய்விட்டது.

அப்போதுதான் தெப்பெயைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த பையன், "சூப்பரா சொன்னடா" என்று அவன் முழங்கையில் இடித்தான். தெப்பெய் சிரிக்கவில்லை. ஒரு கையால் நோட்டை மறைத்துக்கொண்டு, மறு கையால் ரப்பரை வைத்து அந்தச் செவ்வகத்தை அழித்துக்கொண்டிருந்தான்.

"தெப்பெய், அழிக்காத!"

அவள் போட்ட கத்தலில் பேனாக்கள் நின்றன. தெப்பெய் ரப்பரைக் கீழே போட்டுவிட்டான்.

"நோட்டுல இருபத்தி நாலுன்னு எழுதிட்டு, வாயில ஏன் முப்பதுன்ன?"

அவன் பின்சுவரைப் பார்த்தான். பிறகு காலைப் பார்த்தான்.

"யாராவது முப்பதுன்னு சொல்லணும்ல டீச்சர். அப்பதான் பாடம் நல்லா போகுமாம். நான் சொன்னா யாருக்கும் சந்தேகம் வராதுன்னு சார் சொன்னாரு."

ஒகிதா இருமினார். முரோயியின் கழுத்திலிருந்து காது வரை சிவந்தது. வகானா அழ ஆரம்பித்துவிட்டாள். "டீச்சருக்கு நல்ல பேர் வாங்கிக் குடுக்கணும்னுதான் செஞ்சோம். வேணும்னு ஏமாத்தல டீச்சர்."

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? யூகினோ வந்தவர்களைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள்.

"எல்லாரும் மன்னிக்கணும். இந்தப் பாடம் நாலாவது பீரியட்லயே முடிஞ்சுபோச்சு. நீங்க பாத்துகிட்டிருக்கறது ரெண்டாவது ஆட்டம்."

பிறகு பலகைத் துடைப்பானை எடுத்தாள். பாடம் முடியும்வரை பலகையில் எதையும் அழிப்பதில்லை, தப்பு உட்பட எல்லாமே அங்கே இருக்க வேண்டும் என்பது ஆசிரியர் வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கப்படும் விதி. "ஐயையோ" என்று சன்னலோரம் யாரோ ஓர் ஆசிரியை வாய்விட்டுச் சொன்னாள். முப்பது போயிற்று, முக்கோணம் போயிற்று.

"இங்க வா. உன் நோட்டுல இருந்ததை இதுல போடு."

"பாதி அழிச்சுட்டேன் டீச்சர்."

"மறுபடி போடு."

தெப்பெய் வந்தான். சுண்ணக்கட்டி இரண்டு தடவை உடைந்தது. கோணல்மாணலாக ஓர் இணைகரம் வரைந்து, நடுவில் ஒரு கோடு இழுத்தான். "இங்க வெட்டினேன். இந்தத் துண்டை அந்தப் பக்கம் வெச்சா செவ்வகம் வருது. ஆறு, நாலு. இருபத்தி நாலு."

யாரும் விரல் தூக்கவில்லை. யாருக்கும் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை, ஏனென்றால் இது பங்கு பிரித்ததில் இல்லை. இப்போது யாரும் பேசாவிட்டால் இந்தப் பையன் தனியாகப் பலகையடியில் நின்று அவமானப்பட்டுப் போவான்.

"புளுகாத, மூலைல வெட்டினாத்தான் வரும்," என்றது ஒரு குரல், கை தூக்காமல்.

"நடுவுல வெட்டினாலும் வருதே, கண்ணு தெரியலையா?"

"அப்ப எங்க வெட்டினாலும் வருமா?"

"வராது," என்றான் தெப்பெய், சட்டென்று திரும்பி. "நேரா வெட்டணும். சாச்சு வெட்டினா திரும்பவும் சாஞ்சுதான் நிக்கும். நான் வெட்டிப் பாத்தேன்."

"எங்க, காட்டு!"

நாலு பேர் எழுந்து பலகைக்கே வந்துவிட்டார்கள். வகானா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கத்தரிக்கோலை நீட்டினாள். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சண்டை போட, பாடம் திட்டத்தாளை விட்டு எங்கோ போய்க்கொண்டிருந்தது. பேராசிரியர் எதுவும் எழுதவில்லை. அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. மணி அடித்தபோது பலகையில் விடைகூட எழுதி முடிக்கவில்லை.

வந்தவர்கள் வரிசையாக வெளியேறினார்கள். முரோயி கடைசியாக, யாரையும் பார்க்காமல் போனார். "பாடத்தைப் பத்தின கலந்துரையாடலுக்கு வாங்க, பேச வேண்டியது இருக்கு," என்று ஒகிதா கதவருகில் தணிந்த குரலில் சொன்னார். என்ன பேசப்போகிறார்கள் என்று யூகினோவுக்குத் தெரியும்.

தெப்பெய் இன்னும் பலகையடியில் நின்றுகொண்டிருந்தான், விரலெல்லாம் சுண்ணத்தோடு.

"டீச்சர், நான் உங்க வகுப்பைக் கெடுத்துட்டேனா?"

"ஆமாடா," என்றாள் யூகினோ. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. "நல்லா கெடுத்துட்ட. நாளைக்கும் வந்து கெடு."