கை பொறுக்கும் சூடு

"தீக்குச்சியக் கீழ போடு சரோஜா."

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். சரோஜாவின் கையில் இன்னும் உரசாத குச்சி. அடுப்பில் காய்ந்த தேயிலைக் குச்சிகளை அடுக்கி, மேலே பெரிய குண்டானில் தண்ணீரும் வைத்துவிட்டாள். கிழித்துப் போடவேண்டியதுதான் பாக்கி.

"பொணம் வீட்ல கெடக்கறப்ப அடுப்பு மூட்டுவாங்களா? தாப்பா டவுனுல வாழ்க்கப்பட்டா வழக்கமெல்லாம் மறந்துருமா?"

"சமைக்கலக்கா. அப்பாவக் குளிப்பாட்ட வெந்நி."

"வெந்நியா? ஒங்கப்பாவுக்கா?"

துக்க வீடு என்பதால் பாஞ்சாலை சிரிக்கவில்லை. வேறு நாளாக இருந்திருந்தால் தோட்டத்து லய வீடுகள் முழுக்கக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்திருப்பாள்.

சிரிக்கத்தக்க விஷயந்தான். சரோஜாவின் அப்பா கந்தசாமி நெருப்பைச் சிக்கனம் பண்ணின மாதிரி ரிங்லெட் சுற்றுவட்டாரத்தில் எவனும் காசைக்கூடச் சிக்கனம் பண்ணியதில்லை. இத்தனைக்கும் அவருடைய வேலையே பேக்டரியில் தேயிலை உலர்த்துகிற அடுப்புக்கு விறகு தள்ளுவது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கட்டை கட்டையாக நெருப்புக்குத் தின்னக் கொடுத்துவிட்டு வருவார். வீட்டு அடுப்பில் ஒரு குச்சி கூடுதலாக எரிந்தால் மட்டும் பொறுக்காது. கேட்டால், "அது தொர வெறகு. இது என் வெறகு" என்பார்.

நேற்று மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர், தோட்டத்து லோரி வருவதற்குள் போய்விட்டார். சரோஜா சாயங்காலமே தாப்பாவிலிருந்து டாக்சி பிடித்து மலையேறி வந்தாள். அவள் தம்பி விஜயன் ஈப்போவிலிருந்து இன்று காலையில்தான் வந்து சேர்ந்தான். அப்பாவை முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். கழுத்துவரை போர்த்தியிருந்த கம்பளியைச் சரோஜா தொட்டுப் பார்த்தாள். பனியில் காயப்போட்ட துணிபோல ஈரச் சில்லிப்பு. அப்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் பிடித்தது. கடைசியாக ஒரு தடவையாவது அப்பா மேல் நல்ல சுடுதண்ணீர் ஊற்றவேண்டும். அதை ஊற்றாமல் அவரை வாசல் தாண்ட விடக்கூடாது.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, லயத்துக்குப் பின்னால் மூன்று கல்லின்மேல் ஒரு தார் டிரம் உட்கார்ந்திருக்கும். தோட்டத்தில் பழைய செடிகளைப் பிடுங்கும்போது கிடைக்கிற வேர்க்கட்டைதான் விறகு. காலையில் பனி விலகுமுன் அவளும் தம்பியும் பல் கிட்டித்துக்கொண்டு வரிசையில் நிற்க, அப்பா மாவுப்பால் டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். ஒரு வாளி பச்சைத் தண்ணீருக்கு ஒரு டின் வெந்நீர். அதற்குமேல் கிடையாது.

"பச்சத் தண்ணிக்குக் கோவம் தணிஞ்சாப் போதும். கொதிக்கணும்னு சட்டமா?" என்பார்.

"இன்னொரு டின்னு ஊத்துனா வீடா வெந்துபோவும்?" என்பாள் அம்மா தங்கம்மா, உள்ளேயிருந்து.

"வெந்நியில வீடு வேகாது. வெறகு வெந்துரும்."

குளித்து முடித்து ஓடிப்போய்ச் சட்டை போட்டால், அதிலும் அந்த விறகுப் புகை வாசம் ஏறியிருக்கும். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகள்மேலும் ஒரே வாசம். அப்போது வெட்கமாக இருந்தது. இப்போது தாப்பாவில் அவளுக்குக் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வருகிறது. அதில் எத்தனை வாளி ஊற்றினாலும் குளித்த மாதிரியே இருப்பதில்லை. அந்த ஒரு டின்னுக்காக ஏங்கியிருக்கிறாள்.

அப்புறம் காலம் மாறியது. தோட்டத்தில் விறகு சும்மா கொடுப்பதை நிறுத்தினார்கள். மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கினால், ஒவ்வொரு தடவை கடைக்குப் போகும்போதும் எண்ணெய் விலை ஒரு படி ஏறி நின்றது. பிறகு லயத்துக்குக் கரண்ட் வந்தது. கூடவே மாதாமாதம் பில்லும் வந்தது. கந்தசாமி அந்தப் பில்லைப் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். விஜயன் முதல் சம்பளத்தில் தண்ணீர் சுடவைக்கிற ஹீட்டர் ஒன்றை வாங்கிவந்து குளியலறைச் சுவரில் மாட்டினான். மகன் வாங்கியது என்று லயம் முழுக்கக் காட்டிப் பெருமைப்பட்டவர், அன்று மாலையே அதன் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் ஊரிலிருந்து வந்தால் மாட்டுவார். அவர்கள் பஸ் ஏறியதும் கட்டை பழையபடி பைக்குப் போய்விடும்.

அவர் மட்டும் எந்நாளும் பச்சைத் தண்ணீர்தான். "நாளெல்லாம் நெருப்புப் பக்கத்துல நிக்கிறவனுக்கு எதுக்குடா சுடுதண்ணி" என்று குழாயடியில் நின்று தலையோடு ஊற்றிக்கொள்வார். அப்பாவுக்குக் குளிரே தெரியாது என்றுதான் லயமே நம்பியது.

சரோஜாவும் நம்பினாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும். பேக்டரி லீவு. எல்லாரும் குளித்து முடித்திருந்தார்கள். மறந்துவிட்ட சோப்பை எடுக்க அவள் லயத்துக்குப் பின்னால் ஓடியபோது, அப்பா காலி டிரம்மில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். நெருப்பு அணைந்துவிட்டது. தகரத்தில் மிச்சமிருந்த சூட்டுக்கு இரண்டு உள்ளங்கையையும் பின்னால் கொடுத்துக் கண்ணை மூடியிருந்தார். அவளைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, டிரம்மைத் தேய்க்க ஆரம்பித்தார். அவளும் சோப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பாஞ்சாலை போய்க் காளியண்ணனைக் கூட்டிவந்துவிட்டாள். தோட்டத்தில் எந்தச் சாவென்றாலும் முன்னால் நின்று நடத்துகிறவர் அவர்தான். கெட்டவர் இல்லை. முறை தவறினால் செத்தவனுக்கு வழி கிடைக்காது என்று நிஜமாகவே பயப்படுகிறவர்.

"நீர்மாலத் தண்ணிதாம்மா ஊத்தணும். பைப்புலேர்ந்து குடத்துல கொண்டாந்து ஊத்துறதுதான் நம்ம மொற. பொணம் போறவரைக்கும் இந்த வீட்ல நெருப்புக் கூடாது."

"சரி மாமா, அடுப்பு வேணாம். ஹீட்டர் இருக்குதில்ல?"

"நெருப்பு வெறகுல வந்தா என்ன, கம்பில வந்தா என்ன? நெருப்பு நெருப்புதான்."

ரிங்லெட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற சாகுல் ஹமீது, அடுப்பு மூட்டாத வீட்டுக்குத் தேத்தண்ணீரும் ரொட்டியும் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார். கந்தசாமிக்குப் பழைய சிநேகிதர். கேட்டும் கேட்காதமாதிரி நின்றவர், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்கள்ல மையத்தக் குளிப்பாட்ட வெதுவெதுன்னுதான் தண்ணி எடுப்போம் காளியண்ணே. கை பொறுக்கற சூடு. செத்த ஒடம்புக்கும் நோவக்கூடாதும்பாங்க."

"அது ஒங்க வழக்கம் பாய்."

"வழக்கந்தான் லா. சொன்னேன், அவ்ளோதான்."

விஜயன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராகக் குளியலறைக்குப் போய் ஹீட்டர் சுவிட்சைத் தட்டினான். விளக்கு எரியவில்லை. பெட்டியைத் திறந்தால் பியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பள்ளம். "செத்தும் கொடுக்க மாட்டேங்கிறாரே" என்று முனகினான். முனகும்போதே அழுதுவிட்டான்.

சரோஜா ஆணியில் தொங்கிய சட்டைப் பைகளைத் துழாவினாள். கோட்டில் பார்த்தாள். தலையணைக்கடியில் பார்த்தாள். எங்கேயும் இல்லை. காளியண்ணன் வெளியே போய் நீர்மாலைக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் குடங்கள் வந்துவிடும். மலைக்குழாய்த் தண்ணீர். விரல் வைத்தால் எலும்புவரைக்கும் கடிக்கிற தண்ணீர்.

"அம்மா, அந்தக் கட்டய அப்பா எங்க வெச்சாரு? பாத்தியா?"

தங்கம்மா சடலத்தின் தலைமாட்டில், பெரிய கம்பளிச் சால்வையை உடம்போடு இறுக்கிச் சுற்றிக்கொண்டு, நேற்றிலிருந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். கேள்வி காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. சரோஜா இன்னொரு தடவை கேட்கப் போனபோது, ஒரு கையை மட்டும் சால்வைக்கு வெளியே எடுத்து, முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். உள்ளே வெள்ளைப் பீங்கான் கட்டை.

"நேத்து வலி வந்ததும் எங்கிட்டக் குடுத்துட்டாரு."

"எதுக்கும்மா?"

"'சுடுகாட்டுக்குப் போயிட்டு வந்து புள்ளைங்க தலமுழுகணும். பச்சத் தண்ணியில முழுகினா சளி புடிச்சுரும், மாட்டிக் குடு'ன்னாரு. நா ஏன் இப்படிப் பேசுறீங்கன்னு திட்டுனேன்." தங்கம்மா கட்டையை மகளின் உள்ளங்கையில் வைத்தாள். "அவருக்குன்னு குடுக்கல சரோஜா. ஒங்களுக்குன்னு குடுத்தாரு."

சரோஜாவுக்கு அப்பாமேல் கோபம்தான் முதலில் வந்தது. தன் சாவுக்கு வந்தவர்களின் சளியைக் கணக்குப் பண்ணிவிட்டுப் போயிருக்கிற மனிதரை என்ன செய்வது? கோபம் தொண்டைக்கு வந்ததும் அழுகையாக மாறியது. அம்மாவின் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எங்களுக்குக் குடுத்தது தானே? அப்ப எங்க இஷ்டம்."

வாசல்படியில் நின்ற காளியண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார். ஹீட்டரையும் பார்க்கவில்லை, சரோஜாவையும் பார்க்கவில்லை.

"நீர்மாலத் தண்ணி மொதல்ல ஊத்திருவோம். மொற கழிஞ்சுரும். அதுக்கப்புறம் மகன் மகள் பாடு."

விஜயன் கட்டையைப் பொருத்தினான். சிவப்பு விளக்கு எரிந்தது. சரோஜா வாளியை வைத்து, விழுகிற தண்ணீரில் கையை நீட்டியபடியே நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஏறிவந்தது. கை பொறுக்கும் அளவுக்கு வந்ததும் ஒரு வாளி நிறைய, பச்சைத் தண்ணீர் கலக்காமல் பிடித்தாள். அது நிறைந்ததும் இன்னொன்று வைத்தாள்.

வெளியே பெஞ்சில் அப்பாவை உட்காரவைத்துப் பின்னாலிருந்து விஜயன் தாங்கிக்கொண்டான். எண்ணெயும் சீயக்காயும் வைத்தார்கள். குடத்துத் தண்ணீரைக் காளியண்ணன் ஊற்றும்போது சரோஜா தலையைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவள் முறை. தலையிலிருந்து மெதுவாக ஊற்றினாள். பனிக்குள் அப்பாவின் தோளிலிருந்தும் முதுகிலிருந்தும் ஆவி எழுந்தது. சாகுல் ஹமீது வாசலோரமாக நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார். இரண்டாவது வாளியையும் சொட்டு விடாமல் ஊற்றினாள்.

அப்போதுதான் தங்கம்மா எழுந்து வெளியே வந்தாள்.

"ஊதக்காத்து அடிக்குது. சீக்கிரம் தொடைங்க."

யாரோ நீட்டிய துண்டை வாங்கித் தானே துடைத்தாள். தலை, நெஞ்சு, காதுக்குப் பின்னால், விரல் இடுக்கு எல்லாம் துடைத்தாள். வேட்டியைக் காளியண்ணன் சுற்றினார். சட்டை எங்கே என்று பாஞ்சாலை தேட ஆரம்பித்ததும், தங்கம்மா சால்வையை விலக்கினாள். நேற்றிலிருந்து வயிற்றோடு அணைத்து வைத்திருந்த அவருடைய தீபாவளிச் சட்டையை எடுத்து மகளிடம் கொடுத்தாள்.

சரோஜா அதை விரித்தாள். அப்பாவின் கையை உள்ளே நுழைக்கும்போது, துணி கதகதவென்று இருந்தது.