நாலாவது முதுகு

விடியும் முன்பே எண்ணெய்ப்பனைகளின் அடியில் குனிந்துவிட்டோம். உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி மூட்டை கட்டுவது பெண்களின் வேலை. நகக்கண்ணில் முள் ஏறும், பிடுங்க நேரமிருக்காது. இந்த மாதம் ஆளுக்கு இரண்டு மூட்டை கூட்டிவிட்டார்கள். மூட்டை குறைந்தால் கம்பெனி வீட்டைக் காலி செய்யவேண்டும். அதனால் பிள்ளைகளும் வந்தார்கள். மருந்தடிக்கும் ஆண்களுக்குக் களைக்கொல்லி டப்பா சுமப்பதும் பிள்ளைகள்தான்.

அன்று, என்னோடு பழம் பொறுக்கும் கேக்கேயின் மகள் ஹானே சுமந்த டப்பா கசிந்தது. ஒன்பது வயதுப் பெண். முதுகுத் தோல் வெந்து உரிந்தது. நானும் கேக்கேயும் அவளைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

சிஸ்டர் லோயிஸ் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "இந்த மாசம் நாலாவது முதுகு. முன்னாடி மூணு பேரும் சுடுதண்ணின்னீங்க. குழந்தைகள் நல ஆபீசுக்கு நான் எழுதியாகணும்."

"வேணாம் சிஸ்டர்," என்றாள் கேக்கே. "புள்ளையக் கொண்டுபோயிருவாங்க. வீடும் போயிரும்."

"உன்மேல புகார் இல்ல, கேக்கே. சுமக்க வெச்சவங்க மேல."

அதற்குள் தோட்ட மேலாளர் வந்துவிட்டார். "மரத்துல இருந்து விழுந்துட்டாள்னு எழுது. கிளினிக் கம்பெனியோடது. அந்தப் பேனாவும்தான்."

"முதுகு யாரோடது சார்?"

அவர் மேசையிலிருந்த கிளினிக் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "நாளைக்கு வேற நர்ஸ் வருவா," என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியில் உட்கார்ந்தார்.

ஒன்றை அந்த மனிதர் மறந்துவிட்டார். எங்கள் பிள்ளைகளின் மருத்துவப் புத்தகம் கிளினிக்கில் இருப்பதில்லை. தடுப்பூசி, எடை, காய்ச்சல் எல்லாம் எழுதிய அதைத் தாய்தான் பிளாஸ்டிக்கில் சுற்றி, எப்போதும் தோளில் தொங்கும் பின்னல் பையில் வைத்திருப்பாள். வெள்ளத்தில் ஓடும்போதும் முதலில் அதைத்தான் எடுப்போம்.

இரண்டாவது முதுகு என் மகளுடையது. சுடுதண்ணி என்று பொய் சொன்னவள் நான். அந்தப் பொய்தான் ஹானேயின் முதுகில் ஏறியிருந்தது. வெட்கமாக இருந்தது; பயமும் போகவில்லை. புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

"சுடுதண்ணிய அடிச்சிட்டு உள்ளத எழுதுங்க சிஸ்டர்."

கேக்கே என்னைப் பார்த்தாள். "வீடு போனா?"

"என் வீடும்தான் போகும். சேந்தே நிப்போம்."

ஹானேயின் முதுகை ஒருமுறை பார்த்துவிட்டு அவளும் பையை அவிழ்த்தாள். சேதி பரவி, பழக்கறை படிந்த கைகளோடு பெண்கள் வாசலில் கூடினார்கள். வண்டி இன்னும் வெளியே உறுமிக்கொண்டிருந்தது. எவளும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொருத்தி கையிலும் ஒரு புத்தகம் இருந்தது.